அக்கரை டவரில் ஏறிய போன்

என் தங்கச்சி வீட்டை விட்டுப் போன நான்காம் நாள் முன்பகலில், ராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கார் என் பைக்கை மறித்து நின்றது. ஓட்டி வந்தவன் அவளுடைய உடன்பிறந்த அண்ணன். எனக்குப் பெரியய்யா மகன். பின்சீட்டில் அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேர். தங்கச்சி என்று நான் சொல்வது பெரியய்யா மகளைத்தான். கூடப்பிறந்த தங்கச்சி எனக்கு இல்லாததால் அந்தச் சொந்தம் முழுவதும் அவளுக்கே போயிருந்தது.

“ஏறுலே,” என்றான் அண்ணன்.

“பைக்க என்ன செய்ய?”

“பூட்டிப் போடு. அதாச்சும் ஓடாம இங்கனயே கிடக்கும்.”

முன்சீட்டில் ஏறினேன். காலடியில் ஒரு உரச்சாக்கு கிடந்தது. கால் பட்டதும் உள்ளே இரும்பு இடித்தது. ஒரு குழாய், இரண்டு அரிவாள். பார்க்காமலே தெரிந்தது. நாங்கள் திருவாடானைப் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் வண்டிகளில் கருவேலம் வெட்ட அரிவாள் கிடப்பது அதிசயமில்லை. அன்றைக்கு அவர்கள் வெட்டப் போனது கருவேலத்தை இல்லை.

தங்கச்சி நர்சிங் முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தாள். அங்கே ரத்தம் பரிசோதிக்கும் பையனோடு பழக்கம். பையன் வேறு சாதி. அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் அவனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. முதல் நாள் எங்கள் ஆட்கள் பையனுடைய வீட்டுக்குப் போய்க் கூரை ஓடுகளை உடைத்து, அவன் அப்பாவைத் தெருவில் இழுத்துப்போட்டு மிதித்தார்கள். அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து, உள்ளங்கையில் துப்பிய இரண்டு பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் அவர் வாசலில் நின்று பார்த்தேன். இரண்டாம் நாள் பெரியாத்தாவுக்கு அடி விழுந்தது, மகளை வளர்த்த லட்சணத்துக்காக. மூன்றாம் நாள் பெரியய்யா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “அவள உசுரோட இந்த வீட்டுக்குக் கொண்டாராதீக,” என்றார். மகன் தலையாட்டினான். எங்கள் வீட்டில் பெரியய்யா எதையும் பேச்சுக்குச் சொல்கிறவர் இல்லை. மகன் எதற்கும் சும்மா தலையாட்டுகிறவன் இல்லை.

எனக்கும் கோபம் இருந்தது. அதை மறைத்துப் பேசினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். போன அன்று காலையில் மதுரையில் ஏதோ பயிற்சி என்று சொல்லி, என்னைத்தான் பைக்கில் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் விடச் சொன்னாள். விட்டேன். வழியில் இட்லி வாங்கிக் கொடுத்தேன். பஸ் கிளம்பும்போது சிரித்துக்கொண்டே கையசைத்தாள், நானும் அசைத்தேன். பத்து நிமிடம் கழித்து அதே பஸ்ஸிலிருந்து இறங்கி அவனோடு போயிருக்கிறாள். நாலு பேருக்கு நடுவில், “கொண்டுபோய் விட்டவனே இவன்தானப்பா,” என்று என்னைக் காட்டிப் பேசினார்கள். கேனப்பயலாக்கிவிட்டாளே என்ற ஆத்திரம் நான்கு நாளாக எனக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது.

நான் செல்போன் டவர் வேலை பார்க்கிறவன். மேலே ஏறிப் பெட்டி மாட்டுவேன், கீழே பேட்டரியும் ஜெனரேட்டரும் பார்ப்பேன், எங்கே சிக்னல் விழவில்லை என்று லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராய்ச் சுற்றுவேன். சொந்தக்காரர்களுக்கு அதெல்லாம் ஒன்றுதான். சிம் தொலைந்தாலும் என்னிடம் வருவார்கள், போனில் எழுத்துச் சின்னதாகிவிட்டாலும் என்னிடம் வருவார்கள். அன்றைக்கு அண்ணன் வந்ததும் அந்தப் பழக்கத்தில்தான்.

காரை ஓரங்கட்டிவிட்டு அவன் தன் போனை நீட்டினான். அன்று காலை தங்கச்சி போனைப் போட்டு, பெரியாத்தாவிடம் இரண்டு நிமிடம் அழுதிருக்கிறாள். அந்த இரண்டு நிமிடம் எங்கே இருந்தாள் என்பதை அண்ணன் யாரோ தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலம் வாங்கிவிட்டான். யார் என்று நான் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. ஒரே வரி. ஒரு டவரின் பெயர், அது மூன்று திசைக்கு வைத்திருக்கும் முகங்களில் எந்த முகம், கடைசியில் ஓர் எண்.

தேவிபட்டினம் டவர். கடலைப் பார்த்த முகம். முப்பத்தொன்று.

“தேவிபட்டினம்னா தேவிபட்டினத்துல இருக்கான்னு தான அர்த்தம்?” என்றான்.

அந்தக் கடைசி எண் தூரம். போனின் சிக்னல் டவருக்கு வந்து சேர எவ்வளவு நேரம் பிடித்தது என்று பார்த்து டவரே சொல்வது. ஒன்று ஏறினால் அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தேவிபட்டினம் ஊருக்குள் இருக்கிற போனுக்கு ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று வரும். முப்பத்தொன்று என்றால் பதினேழு கிலோமீட்டர். அந்த முகத்துக்கு நேரே பதினேழு கிலோமீட்டரும் தண்ணீர். அந்தத் தண்ணீர் முடிகிற இடத்தில், உச்சிப்புளிக்கு வடக்கே, ஒரு மீன்பிடி ஊர் இருக்கிறது.

எங்கள் கரையில் இது நடக்கும். நிலத்தில் வீடும் தென்னையும் பனையும் மறித்து இரண்டு மூன்று கிலோமீட்டரில் இளைத்துவிடுகிற சிக்னல், கடல் மேல் கேட்பாரில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். ராமேசுவரம் முனையில் சில நாள் அடுத்த நாட்டு டவரே ஏறிக்கொண்டு, வருக வருக என்று செய்தி அனுப்பும். கொல்லைப்பக்கம் போன மனுசன் வெளிநாடு போய் வந்துட்டான் என்று கேலி பேசுவார்கள். ஆனால் பக்கத்து டவர் உயிரோடு இருக்கும்வரை போன் தூரத்து டவருக்குப் போகாது. உச்சிப்புளிக்கு வடக்கே நான் சொன்ன ஊரின் டவர் முதல் நாள் சாயங்காலத்திலிருந்து செத்துக் கிடந்தது. கரண்டை மாற்றித் தரும் பெட்டி எரிந்து, பேட்டரியும் வடிந்துவிட்டது. மாற்றுப் பெட்டி வாங்கத்தான் நான் ராமநாதபுரம் வந்திருந்தேன். பெட்டி என் தோள்பையில் இருந்தது. அந்த ஊரில் கரையோரம் நிற்கிற போனுக்கு அன்று காலையில் கேட்கக்கூடிய ஒரே டவர், தண்ணீருக்கு அந்தப் பக்கத்து தேவிபட்டினம் டவர்.

ஆக, அவள் எங்கே இருக்கிறாள் என்று உலகத்தில் அந்த நிமிடம் எனக்கு மட்டும் தெரியும்.

“ஆமா, தேவிபட்டினத்துலதான் இருக்கா,” என்றேன்.

“கடைசில முப்பத்தொண்ணுன்னு இருக்கே, அது என்னது?”

“அது சிக்னல் அளவு. கூடக் குறைய வரும்.”

கோபம் கோபமாகவே இருந்தது. ஆனால் சாக்குக்குள் இருந்த அரிவாளின் நுனி என் கணுக்காலில் பட்டுக்கொண்டே இருந்தது. அந்த இரும்பை அவள் கழுத்தோடு சேர்த்து நினைக்க என்னால் முடியவில்லை. தேவிபட்டினத்தில் தெருத் தெருவாய் அலையட்டும், வெறுங்கையோடு திரும்பட்டும், அதற்குள் அவளிடம் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். என் போனை அண்ணன் வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வழியில் அது அடித்தது. எங்கள் சூப்பர்வைசர். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டு என் வாய்க்கு நேரே பிடித்தான்.

“சைட் எப்பப்பா ஏறும்? கரை ஊர்க்காரங்க என் உயிர எடுக்கிறாங்க.”

“ஸ்பேர் கிடைக்கல சார். சாயங்காலம் ஆயிரும்,” என்றேன். பெட்டி என் மடியிலேயே இருந்தது. அந்த டவர் உயிர் பெற்ற நிமிடம் அவள் போன் அதில் ஏறிவிடும், அடுத்த செய்தியில் ஊர் பேர் சுத்தமாக வந்துவிடும். அது செத்துக் கிடக்கும்வரை அவளுக்கு உயிர்.

தேவிபட்டினத்தில் காரை விட்டு இறங்கியதும்தான் என் முட்டாள்தனம் எனக்கு உறைத்தது. அங்கே கடலுக்குள் ஒன்பது கல் நிற்கிறது, நவக்கிரகம். ஜாதகத்தில் தோஷம் என்று எழுதப்பட்டவர்கள் எல்லாம் அங்கே வந்து முழுகிப் பரிகாரம் செய்து, ஈரத் துணியோடு சுற்றி வருவார்கள். வருகிறதில் பாதி புதிதாய்க் கல்யாணமான பிள்ளைகள். சோடி ஒன்றைத் தேடுகிறவர்களை, நாள் தவறாமல் சோடிகள் வந்து இறங்குகிற ஊருக்குக் கூட்டிவந்திருக்கிறேன்.

பூசைச் சாமான் விற்கிற கடையில் அண்ணன் தங்கச்சியின் படத்தைக் காட்டினான். கடைக்காரர் படத்தைப் பார்த்ததை விட எங்கள் நாலு பேர் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார். சீக்கிரம் போய்த் தொலைந்தால் போதும் என்று நினைத்திருப்பார். “இந்தப் பிள்ள மாதிரிதான் இருந்துச்சு. நேத்து ஒரு சோடி அந்த ஆட்டோக்காரர் வீட்டு ரூம்ல தங்குச்சு,” என்று தெருவைக் கை காட்டினார்.

ஆட்டோக்காரர் வீட்டு வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். வீட்டை ஒட்டி ஓர் அறை கட்டி, பரிகாரத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது அவருக்கு உபரித் தொழில். எங்களையும் அறை கேட்டு வந்தவர்கள் என்று நினைத்து, வாங்க என்றார்.

“நேத்து தங்குன சோடி எங்க?” என்றான் அண்ணன்.

“காலைல முழுகிட்டு பஸ் ஏறிப் போயிருச்சுகண்ணே.”

“எந்த ஊரு?”

“சிவகங்கைப் பக்கம்னு சொன்னாக.”

“பேரு?”

“பேரு கேக்கல. நட்சத்திரம்தான் கேட்டேன். அய்யருக்கு அதுதான வேணும்.”

உண்மையைத்தான் சொன்னார். அங்கே எல்லோரும் அப்படித்தான், ஆளை நட்சத்திரத்தால்தான் அறிவார்கள். ஆனால் மூன்று நாள் தூங்காத ஒருவனுக்கு அது நக்கலாகத்தான் கேட்கும். அண்ணன் அவர் கன்னத்தில் அறைந்தான். தண்ணீர் வாளி உருண்டது. கூட்டாளிகள் இரண்டு பேரும் அவருடைய கையை ஆளுக்கொன்றாகப் பிடித்து ஆட்டோவோடு சேர்த்து அழுத்தினார்கள். உள்ளேயிருந்து அவர் மனைவி ஓடி வந்தார். ஒருவன் பிடியை விட்டுப் போய் அந்த அம்மாவை வீட்டுக்குள் தள்ளிக் கதவை வெளியே தாழ் போட்டான். அவர் உள்ளிருந்து கதவை இடிக்கிற சத்தம் கடைசிவரை நிற்கவில்லை.

“எங்க வச்சிருக்க?”

“அண்ணே, சத்தியமாத் தெரியாது.”

வயிற்றில் குத்து. அவர் மடிந்தார், நிமிர்த்தினார்கள். மறுபடி அதே கேள்வி, மறுபடி அதே பதில். உதடு கிழிந்து ரத்தம் காக்கிச் சட்டையில் வழிந்தது. தெரியாது என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவர் என்னைப் பார்த்தார். அடிக்காமல் நின்றவன் நான் ஒருவன்தான், என்னிடம் நியாயம் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது என்று. ஒரு வார்த்தை சொன்னால் அவரை விட்டுவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தை உச்சிப்புளிக்கு வடக்கே போய் அவள் கழுத்தில் விழும். அவர் வாங்குகிற ஒவ்வொரு குத்தும் அவளுக்குக் கொஞ்ச நேரம் சேர்த்துத் தருகிறது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். பனைமரத்தில் தேள் கொட்டத் தென்னைமரத்தில் நெறி கட்டின கதைதான். அந்த நெறியை இங்கே கொண்டுவந்து கட்டிவிட்டவன் நான்.

அப்போது அண்ணனின் போனில் இரண்டாவது செய்தி வந்தது. தங்கச்சி மறுபடியும் போனைப் போட்டிருக்கிறாள். அதே டவர், அதே முகம், அதே முப்பத்தொன்று.

“இந்தா பாரு,” என்று அவன் அந்தத் திரையை ஆட்டோக்காரரின் முகத்தில் தேய்த்தான். “இந்த நிமிசம் கூட இங்கனதான் காட்டுது. பஸ் ஏறிப் போயிட்டாகங்கிற. பொய் சொல்ற வாயப் பாரு.”

அவருக்கு என்ன காட்டுகிறது என்றே விளங்கவில்லை. ரத்தத்தோடு சேர்த்து, “நீங்க தேடுறது வேற யாரோண்ணே,” என்றார். அந்த வாசலில் நான் சொல்லாமல் நின்ற உண்மை அது.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். “நீ என்னலே வேடிக்கை பாக்குற? கொண்டுபோய் விட்டவன் நீதான. தெரிஞ்சே விட்டியோ?”

அவன் கண்ணில் சந்தேகம் விழுந்துவிட்டது. அது வளர விட்டால் முப்பத்தொன்றைப் பற்றி வேறு யாரிடமாவது கேட்பான். நான் போய் அவரை அறைந்தேன். சந்தேகத்துக்கு அது போதும். அண்ணன் திரும்பி உரச்சாக்கை எடுக்கப் போய்விட்டான், என்னைப் பார்க்கக்கூட இல்லை. நான் மறுபடியும் அறைந்தேன். மூன்றாவது முறை கையை மடக்கிக் குத்தினேன். மூக்கெலும்பு என் முட்டியில் பட்டதை உணர்ந்தேன். “எதுக்குடா சிரிச்சுக்கிட்டே கையாட்டுன?” என்று கத்தினேன். அவர் சிரிக்கவும் இல்லை, கையாட்டவும் இல்லை.

அண்ணன் குழாயோடு வந்து என்னை விலக்கினான். கூட்டாளிகள் அவருடைய வலது கையை ஆட்டோவின் முன்கம்பியில் வைத்துப் பிடித்தார்கள். மூன்று முறை இறங்கியது குழாய். முதல் அடிக்கே மணிக்கட்டு ஒடிந்த சத்தம் கேட்டது. மற்ற இரண்டும் ஆத்திரம். அவர் கத்தியதைக் கேட்டுத் தெருவில் ஆட்கள் சேர, மீன் கூடையோடு வந்த ஒரு பொம்பளை எங்கள் மேல் கல்லை எடுத்து வீச, காரில் ஏறிப் பறந்தோம். பின்கண்ணாடி உடைந்து சில்லு என் பிடரியில் விழுந்தது.

“வாயே தொறக்கலடா அவன். நல்ல கூட்டாளியாத்தான் புடிச்சிருக்கா,” என்றான் அண்ணன். அதில் ஒரு மரியாதை கூட இருந்தது.

ராமநாதபுரத்தில் என்னை இறக்கிவிட்டு, என் போனைத் திருப்பித் தந்துவிட்டு, மறுநாள் காலையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு தேவிபட்டினத்துக்கு மறுபடி வருவோம் என்று சொல்லிப் போனார்கள். நான் பைக்கை எடுத்து உச்சிப்புளிப் பக்கம் விரட்டினேன். போன் பண்ண முடியாது. பண்ணினால் என் எண் அவள் கணக்கில் ஏறும், அதையும் யாராவது எடுத்துக் கொடுப்பார்கள்.

கரை ஊரில் நுழைந்ததும் டவர்க்காரன் வந்துவிட்டான் என்று ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தள்ளினார். “கடலுக்குப் போன பிள்ளைக வந்து சேந்துச்சா இல்லையான்னு தெரியாம நேத்துலருந்து கிடக்கோம். நீ ஆடி அசஞ்சு வாரியா?” என்றார். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். இதோ ஏற்றுகிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஊருக்குப் புதிதாக யாரும் வந்திருக்கிறார்களா என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். கரையோரத்தில் கடைசி வீட்டைக் காட்டினார்.

என்னைப் பார்த்ததும் அந்தப் பையன் தங்கச்சியின் முன்னால் வந்து நின்றான். கையில் மீன் அறுக்கிற கத்தி. ஆள் விலகவில்லை. அவனைப் பற்றி எனக்குத் தெரிந்த முதல் நல்ல விஷயம் அது. தங்கச்சி அவனை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“போனக் குடு,” என்றேன். கொடுத்தாள். சிம்மை எடுத்து ஒடித்தேன். போனைக் கல்லில் வைத்து நொறுக்கினேன். “ஆத்தாட்டப் பேசணும்னு தோணுச்சுன்னா, ஆத்தா செத்துப்போச்சுன்னு நெனச்சுக்க. இந்த மாவட்டத்துல நிக்காத. இப்பவே கிளம்பு.”

அவள் என் கையைப் பார்த்தாள். முட்டியில் தோல் உரிந்திருந்தது. சட்டைக் கைப்பக்கம், நெஞ்சுப்பக்கமெல்லாம் ரத்தம் காய்ந்திருந்தது. பிடரியில் கண்ணாடி கிழித்த கோடு.

“யாரு ரத்தம்ண்ணே?”

“என்னோடதுதான்,” என்றேன். “அண்ணன் கேட்டு அடிச்சான். நான் சொல்லல.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை. அவள் அப்படியே என் காலில் விழுந்து கட்டிக்கொண்டு அழுதாள். அந்தப் பையனும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு அழுதான். நான் அவள் தலையில் கை வைத்தேன். அந்த ரத்தம் என்னுடையதாகவே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று இருந்தது. பிறகு இருவரையும் பைக்கில் வைத்து மெயின் ரோட்டில் ஒரு லாரியில் ஏற்றிவிட்டு, திரும்பிப் போய் டவரைச் சரிசெய்தேன். ஊர்க்காரர்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அவள் பிழைத்தாள். வேறு மாநிலத்தில் ஏதோ ஓர் ஊரில் இருக்கிறாள். ஊர் பேரை நான் கேட்டதில்லை. மகன் பிறந்திருக்கிறான். யார் யாருடைய போனிலிருந்தோ கூப்பிடுவாள். ஆட்டோக்காரர், வண்டி கவிழ்ந்ததில் அடிபட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததாக அண்ணன் சொல்லிக் கேள்விப்பட்டேன். மறுநாள் அவர் வீட்டுக்கு மறுபடி போன அண்ணனின் ஆட்கள் அப்படி எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

தேவிபட்டினம் டவரில் வேலை வரும்போதெல்லாம் கூட வேலை பார்க்கிறவர்களிடம் மாற்றிவிட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் அப்படி ஓடியது. ஒரு நாள் மாற்ற ஆள் இல்லை. வேலை முடித்து இறங்கியவன், பைக்கை அவர் வீட்டுத் தெருவுக்குத் திருப்பினேன். பாதி வழியில் அந்த ஆட்டோ எதிரே வந்தது. ஓட்டியது அவர் மனைவி. காக்கிச் சட்டை அந்த அம்மா உடம்பில் பெரிதாகத் தொங்கியது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

ஆட்டோக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டு வெளிப்பக்கம் கோணி நின்றது. விரல்கள் மடங்கவில்லை. என்னை உடனே தெரிந்துகொண்டார். எழுந்திருக்கவில்லை, பயப்படவும் இல்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டவரைச் சொன்னேன், கடலைச் சொன்னேன், முப்பத்தொன்றைச் சொன்னேன். என் தங்கச்சி உயிரோடு இருக்கிறாள், அதற்கு நீங்கள்தான் காரணம் என்றேன். அதைச் சொன்னால் அவருக்குக் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். உண்மையில் எனக்கு ஆறும் என்றுதான் நினைத்திருக்க வேண்டும்.

அவர் முழுக்கக் கேட்டார். இடது கையால் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“அப்ப எனக்குத் தெரியாதுன்னு ஒனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“பேசாம நின்ன. சரி, ஒன் தங்கச்சிக்காக நின்ன. நான்னாலும் நின்னுருப்பேனோ என்னமோ.” அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ஒன் அண்ணன் நீ அடிச்ச மொத அடிலயே அங்கிட்டுத் திரும்பிட்டான். அதுக்கப்புறம் ஏன் அடிச்ச?”

மூன்று வருடமாக அந்தக் கேள்வியை நான் என்னிடம் வரவிடாமல் வைத்திருந்தேன். கையில் பதில் தயாராக இருந்தது. பயம், சந்தேகம், வேறு வழியில்லை. எல்லாம் பாதிப் பொய்.

“எனக்கும் அவள அடிக்கணும்னு இருந்துச்சு,” என்றேன். “அவ கிடைக்கல. நீங்க கிடைச்சீங்க.”

அவர் தலையை ஆட்டினார். திட்டவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. “போ,” என்றார். போனேன்.

அடுத்த வாரம் தங்கச்சி வீடியோவில் போன் பண்ணினாள். மகன் பேச ஆரம்பித்துவிட்டான், மாமா மாமா என்று திரையைத் தட்டினான். அவனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, அவள் எப்போதும் சொல்வதைச் சொன்னாள். “இந்த மாமா எம்புட்டு அடி வாங்குனாரு தெரியுமா? அம்புட்டு அடிக்கும் வாயத் தொறக்கலடா. இவரு இல்லாட்டி நீ இல்ல.” அடி வாங்கியது வேறு ஆள், அவருக்கு இப்போது வலது கை இல்லாத மாதிரி, அவரை அடித்தவர்களில் நானும் ஒருவன் என்று சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. “தங்கச்சி, நீ பேசுறது விட்டு விட்டுக் கேக்குது, இங்க சிக்னல் இல்ல,” என்று சொல்லி வைத்துவிட்டேன். டவருக்கு நேர் அடியில் நின்றுகொண்டிருந்தேன்.